சேர விடாமல் வைப்பதே சேமிப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“வேதி ஆற்றலும் அதன் சேமிப்பும்” என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பயப்படாதீங்க, சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை. ஒரு தீப்பெட்டி போதும்.

சிவகாசி, கோவில்பட்டி பக்கம் செய்கிற தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி மருந்தில் ஆக்ஸிஜனைத் தரும் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தால் லேசாக உரசினாலே வெடிக்கும். தனித்தனியாக இருப்பதால்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். 1844-இல் ஸ்வீடன் நாட்டு பாஷ் என்பவர் காப்புரிமை பெற்ற யோசனை இது.

வேதி ஆற்றலைச் சேமிப்பதும் இப்படித்தான். சேரத் துடிக்கும் இரண்டு பொருள்களைச் சேர விடாமல் வைப்பது சேமிப்பு. நாம் சொல்கிற நேரத்தில், சொல்கிற வழியில் சேர விடுவது பயன்பாடு.

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் அயனி பேட்டரியில் கால் யூனிட் இருந்தாலே பெரிது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோல் டாங்கில் இருப்பது ஒரு தரப்பு மட்டும்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரியத் தேவையான 15 கிலோ காற்று வழியெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. பேட்டரியோ இரண்டு தரப்பையும் தன் வயிற்றிலேயே சுமக்கிறது. ஆனால் என்ஜினில் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பங்கு வெறும் சூடாகவே போய்விடுகிறது. பேட்டரியும் மோட்டாரும் அவ்வளவு வீணாக்குவதில்லை.

இரண்டு தரப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் நடுவே இருக்கும் தடுப்புத் தாள் சுமார் 20 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே சூடு ஏறித் தீப்பிடிக்கும். ஆகவே உப்பிய பேட்டரியை உடனே ஒதுக்குங்கள். அந்த வண்டிக்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஓடித் தப்ப வேண்டிய மாடிப்படி வழியில் மின் ஸ்கூட்டரைச் சார்ஜ் போடாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரின் ஈயப் பேட்டரிக்கு வேறு குணம். சார்ஜ் அதிகமானால் உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அதை மூடிய அலமாரிக்குள்ளோ பூஜை விளக்குப் பக்கத்திலோ வைக்கலாமா? காற்றோட்டமான இடம் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். தூய லித்தியம் உலோகம் நிறைய ஆற்றல் தரும். ஆனால் அதை வைத்துச் செய்த பேட்டரிகள் தீப்பிடித்தன. ஜப்பானின் அகிரா யோஷினோ 1985-இல் அந்த உலோகத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்தார். கொள்ளளவு கொஞ்சம் குறைந்தாலும் பாதுகாப்பு வந்தது. 1991-இல் அந்த வகைப் பேட்டரி கடைக்கு வந்தது. 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். “எவ்வளவு அடைக்கலாம்?” என்று கேட்பதற்கு முன் “எது தடுத்து நிற்கிறது?” என்று கேளுங்கள். நாளைக்கு நீங்கள் வடிவமைக்கும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்.