இரவு வீதியில் ஒரு செந்நிற வில்லை

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லும் ஏ 9 வீதியில், மிளகும் கொக்கோவும் கராம்பும் செழிக்கும் தோட்டங்களிடையே பலாபத்வல என்னும் ஊர் அமைந்துள்ளது. பகலில் அங்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரவில் அந்த வீதியின் இயல்பு வேறு. தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தில் மரக்கறி ஏற்றிய லொறிகள் கண்டிப் பக்கம் வரும் வழி அது. கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும் உள்ளூர்க்காரரின் மோட்டார் சைக்கிளும் அதே வழியிற்றான் செல்லவேண்டும்.

அத்தகைய ஒருவருடைய வண்டியின் பின்விளக்குக் குமிழ் வழியிலே எரிந்துபோகிறது என்று கொள்க. முன்விளக்கு நன்றாக எரிவதால், பின்னே இருள் சூழ்ந்திருப்பதை அவர் அறியமாட்டார். அப்பொழுது அவரைப் பின்னால் வருபவருக்குக் காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கடைகளில் றிஃப்ளெக்டர் என்று கேட்டு வாங்கும், தீப்பெட்டி அளவேயுள்ள செந்நிற ஒளித்தெறிப்பு வில்லை. அதற்கு மின்கலமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஆனால் அது பல வண்டிகளில் இருப்பதில்லை. விழுந்து உடைந்தது ஒருபுறமிருக்க, அழகுக்காகப் பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கும்பொழுது அதனோடு சேர்ந்து வில்லையும் போய்விடுகிறது. வண்டி அழகு பெறுகிறதா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது; இரவில் அந்த அழகைக் காண்பார் ஒருவருமில்லை.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். சாரதி கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் 25 மீற்றர் போய்விடும். மழை பெய்து நனைந்த தாரில் நிற்பதற்கு மேலும் 35 மீற்றராவது வேண்டும். தாழ்த்திய முன்விளக்கின் ஒளியிலோ, கருநிற உடை அணிந்த ஒருவர் முப்பது மீற்றர் அண்மையிற்கூடத் தெளிவாகத் தெரியாதிருக்கலாம். நல்ல வில்லை நூறு மீற்றருக்கு அப்பாலேயே தணல்போலச் சுடர்விடும். உயிர் தப்புவதும் தப்பாததும் இந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கின்றன.

சாதாரண முகக்கண்ணாடி தன்மேற் சரிவாக விழும் ஒளியை வேறு திசைக்கு அனுப்பிவிடும். வில்லையின் பிற்புறத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மும்மூன்று முகங்களைக் கொண்ட நுண்ணிய மூலைகள் நூற்றுக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். அம்மூலையில் நுழையும் கதிர் மூன்று முறை தெறித்து, வந்த திசைக்கே திரும்பும். 1969 இல் அப்பொலோ 11 சந்திரனில் வைத்துவிட்டு வந்த கருவியும் இத்தகைய நூறு மூலைகளைக் கொண்டதே. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அது பூமிக்கே திருப்பிவிடுகிறது. வீதியின் நடுவே பதிக்கும் பூனைக்கண்களுக்கு 1934 இல் காப்புரிமை பெற்ற இங்கிலாந்தின் பேர்சி ஷோ நாடிய பயனும் இதுவே.

இந்நுண்மையிலேதான் வில்லையின் பலவீனமும் உள்ளது. அம்மூலைகளின் பின்னே காற்று இருக்கும்வரையே ஒளி தெறிக்கும். விளிம்பு வெடித்துத் தண்ணீர் உட்புகுந்தால் அந்த இடம் குருடாகிவிடும். ஆகவே வெடித்த வில்லையை, இல்லாத வில்லையாகவே கொள்ளவேண்டும். மூடிய முதுகில்லாத வில்லையைப் பின்பக்கம் முழுவதும் பசை தடவி ஒட்டுவதும் அதனைக் கெடுப்பதே. திருகாணியுள்ளதை வாங்கி இறுக்குவது நன்று.

இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமாகும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்பொழுது மோட்டார் சைக்கிளுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. அச்சோதனை புகையை அளப்பதேயன்றி வில்லையைத் தேடுவதன்று. அதனைத் தேடும் பொறுப்பு உரிமையாளருடையது. 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை மோட்டார் சைக்கிளின் பின்னே முக்கோணமல்லாத செந்நிற வில்லை வேண்டும் என்கிறது. முக்கோணம் இழுவைப் பெட்டிக்கு உரியது. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் மோட்டார் சைக்கிளின் பின்னே குறைந்தது ஒரு சிவப்பு வில்லையையேனும் வேண்டுகின்றன. அமெரிக்காவில் பக்கங்களிலும் வேண்டும்; முன்புறத்துப் பக்கங்களில் அம்பர் நிறம், பின்புறத்துப் பக்கங்களில் சிவப்பு.

நிறத்தை மாற்றுவது ஆபத்து. வெண்மை வாகனத்தின் முன்பக்கத்தையும் செம்மை பின்பக்கத்தையும் குறிப்பதென்று சாரதியின் மனம் பழகியிருக்கிறது. பின்னே வெண்மை மின்னினால், எதிரே வரும் வண்டியென அவர் மயங்கக்கூடும். ஒட்டும் தெறிப்பு நாடா துணையாக உதவும், வில்லைக்கு ஈடாகாது.

வாங்கும்பொழுது வட்டத்துள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அது ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். அதே ஒழுங்குவிதிகள் மோட்டார் சைக்கிளின் பின்வில்லை நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 90 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்கின்றன. வில்லை நிமிர்ந்து நேரே பின்னோக்கி நிற்கவேண்டும். வானத்தைப் பார்த்துச் சாய்ந்த நம்பர் தகட்டில் பொருத்தினால் பயன் குறைந்துவிடும். சேறு தெறித்தால் துடைக்கவேண்டும்.

பொருத்திய அன்றிரவே சோதித்துவிடலாம். முப்பது அடி பின்னே நின்று, ரோர்ச் விளக்கைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தால் வில்லை சுடர்விடும். பின்னர் விளக்கை மெல்ல இடுப்புவரை இறக்கினால் ஒளி மங்கும். ஒளி விளக்கை நோக்கியே திரும்புகிறது, கண்ணை நோக்கி அன்று. லொறிச் சாரதியின் கண் அவருடைய முன்விளக்குகளுக்கு வெகு உயரத்தில் இருப்பதால், கார்ச் சாரதிக்குத் தெரியும் அளவுக்கு அவருக்கு வில்லை பிரகாசமாகத் தெரியாது. பலாபத்வலவில் இரவு வண்டியோட்டுவோர் விளக்கை இடுப்பளவில் பிடித்தே சோதிப்பது நல்லது. அப்பொழுதும் தெரியும் வில்லையே லொறிக்குத் தெரியும் வில்லை.