வாற வழியில என்ன கண்டனீர்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நோயாளரிடம் கேள்வி கேட்கத்தான் தெரியும். அந்தக் கேள்விகளில் ஒன்றை நான் மருத்துவ பீடத்தில் கற்கவில்லை. இங்கே, எங்கள் விஞ்ஞான டீச்சரிடம் கற்றேன். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று டீச்சர் கட்டளையிட்டிருக்கிறார். தொண்ணூறுகளில் படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

டீச்சர் யாழ்ப்பாணத்தவர். வகுப்புக்குள் வந்ததும் யாராவது ஒருத்தியை எழுப்பிக் கேட்பார்: "இண்டைக்கு வாற வழியில என்ன கண்டனீர்?" மலையகத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது 'கண்ணீர்' என்று கேட்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "ஒண்ணும் பார்க்கல டீச்சர்" என்ற பதில் செல்லாது. பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதவும் வேண்டும்.

நான் பெரகலச் சந்தியில் பஸ் ஏறுபவள். அப்புத்தளைக்கு ஒரு பாதை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு ஒரு பாதை, ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கிக் கொழும்புக்கு ஒரு பாதை. மூன்றையும் பாதி நாள் மூடுபனி மறைத்துவிடும். ஒருநாள் "மழையைப் பார்த்தேன் டீச்சர்" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "எந்தப் பக்கத்து மழை?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையில் மலை முகட்டை வரைந்தார். முகட்டுக்குத் தெற்கே விழும் துளி பள்ளத்தில் இறங்கித் தென்கடலைச் சேரும். வடக்கே விழுவது உமா ஓயாவில் கலந்து, மகாவலியோடு திருகோணமலைக்குப் போகும். அன்று மாலை அப்புத்தளையில் பஸ் திரும்பியபோது நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். டீச்சரின் அம்மாவும் அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டொரு நாளில் வகுப்புக்கு வந்து வழக்கம்போலக் கேட்டார். எழுந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "உங்க கண்ணு செவந்திருக்கு டீச்சர்." வகுப்பே உறைந்துபோனது. டீச்சர் கதிரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பிறகு, "சரியாப் பாத்தனீர். கொப்பியில எழுதும்" என்றார். அந்தக் கேள்வி பூவுக்கும் மழைக்கும் மட்டுமானது இல்லை என்று அன்று கொஞ்சம் புரிந்தது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். மாலையில் கூடையை இறக்கிவிட்டுக் கழுத்துக்கு வலித் தைலம் தேய்க்கச் சொல்வார். அந்த வாடைதான் எங்கள் காம்பராவின் வாடை. டாக்டரான பிறகு ஒன்றைப் படித்தேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும்போது தேயிலை வருந்தும், கொழுந்து குறையும், ஆனால் தூளின் மணம் கூடும். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த அந்த மணத்தில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று. செடிகள் நெருக்கடிப்படும்போது உண்டாக்கும் பொருள் அது. அஸ்பிரினுக்கு உறவு. வலித் தைலங்களில் சேர்ப்பதும் அதைத்தான்! யாழ்ப்பாணம் போனபோது இதை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்தத் தேத்தண்ணியை மணந்து பாத்தனீரோ?" என்றார். நான் மணந்து பார்த்திருக்கவில்லை. அம்மாவும்தான். நல்ல தூள் கப்பலேறிவிடும், லயத்தில் நாங்கள் குடித்தது டஸ்ட்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பி, பெற்றோரை இழந்த பிள்ளைகளை முகாமில் பார்த்தேன். மருந்து எழுதினேன், வேறென்ன செய்ய? டீச்சரின் கேள்வி மேல் எனக்குக் கோபமே வந்தது. வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு அது என்று பட்டது. நோயாளரிடம் அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்று பிறகு அறிந்தேன். மண்சரிவின் அறிகுறிகளையும் அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன்: நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று. இவை எல்லாம் எங்கள் கொப்பியில் எழுதக்கூடியவை. வெட்கமாக இருந்தது. மறுபடி கேட்கத் தொடங்கினேன்.

சென்ற நவம்பரில் தோட்டத்து கிளினிக்குக்கு ஓர் இளம் தாய் இருமும் பிள்ளையோடு வந்தாள். மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே, "வர்ற வழியில என்ன பார்த்தீங்க, தங்கச்சி?" என்றேன். "என்னத்தைப் பார்க்கிறது டாக்டரம்மா? பீலித் தண்ணிதான் காலையிலருந்து செம்மண்ணா வருது. ரெண்டு நாளா மழையும் இல்ல" என்றாள். பேனையை வைத்துவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கு போன் எடுத்தேன். லயத்துக்கு மேலே விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தது. இருட்டும் முன் ஆறு குடும்பங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டன. அன்றிரவு மலை சரியவில்லை. இன்றுவரை சரியவில்லை. கோழிகளை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று என்று ஒரு பாட்டி என்னைத் திட்டித் தீர்த்தார்.

அன்றிரவே டீச்சருக்கு போன் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர இருமல் எப்பிடி?" என்றார்.

மருந்துத் துண்டு பாதி எழுதியபடி மேசையிலேயே கிடந்தது. விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன்.