பகல் எனக்கு, சாயங்காலம் அவருக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்ததும் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. மடல் இணையத்தில் வெளியாவதால் பெயரை விட்டுவிடச் சொன்னார். சற்றே சுருக்கி வெளியிடுகிறோம்.)

தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளுக்கும், இடம் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன செப்டம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் பதினாறு நாள் பிரிட்டன் போய் வந்தோம். "அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள், படம் போட்டுக் காட்டுங்கள்" என்று செயலாளர் சார் கேட்டார். பிக் பென் முன்னால் நாங்கள் நிற்கும் படத்தை ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் பார்த்து எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டீர்கள். அதனால் படத்தில் இல்லாததைச் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு செல்போன் பார்க்கிறாரே, அவர்தான்.

எங்கள் பயணத்துக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. பகல் எனக்கு, சாயங்காலம் அவருக்கு. நான் கேட்கும் தேவாலயம், அருங்காட்சியகம், கோட்டை எல்லாவற்றுக்கும் அவர் முணுமுணுக்காமல் வர வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் பப்புக்குப் போவார், நான் எதுவும் சொல்லக் கூடாது. ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டில்களின் லேபிளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்த மனிதர். அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்றால், எங்களுக்குக் கல்யாணமாகி 36 வருடம் ஆகிறது. இந்த 36 வருடத்தில் அவர் குடிக்கும்போது நான் ஒரு நாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமையோடு ஞாயிறும் புதனும் சேர்ந்துகொண்டன. நான் டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

லண்டனில் முதல் நாள் சாயங்காலம் சதக் பகுதியில் ஜார்ஜ் இன் என்ற பப்புக்குப் போனோம். 1677இல் திரும்பக் கட்டிய சத்திரம் அது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம், மேலே மரத்தாழ்வாரம். லண்டனில் அந்த மாதிரித் தாழ்வாரச் சத்திரம் இது ஒன்றுதான் மிச்சம். இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் சொத்து. "நான் முற்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அரை மணி நேரத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. அவர் வெளியே வந்து, "உள்ள வந்து சும்மா உட்காரேன். யாரும் உன்னைப் பார்க்க மாட்டாங்க" என்றார். போனேன்.

உள்ளே நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. ஒரு மேசையில் தாத்தா, பாட்டி, பேரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மேசைக்கடியில் நாய் ஒன்று தூங்கியது. ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுப்பதில்லை. நாமே கவுண்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, வாங்கி வர வேண்டும். வரிசை கிடையாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மனப்பாடம்.

நான் வங்கியில் காசு எண்ணியே காலம் தள்ளியவள். என் கண் அளவில்தான் போய் நின்றது. பீர் என்றால் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி. இல்லாவிட்டால் அதில் பாதி. விஸ்கி, ஜின் எல்லாம் 25 மில்லி அல்லது 35 மில்லி. எந்த அளவில் ஊற்றுகிறோம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய பாட்டிலை எடுத்து, குட்டி அளவுக் கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து கிளாஸில் கவிழ்த்தாள் அந்தப் பெண். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் வாடியது. "இவ்வளவுதானா?" என்றார். எங்கள் பயணத்தின் முதல் பாடம் அந்த "இவ்வளவுதானா"தான். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அடுத்து யார்க். பகல் என்னுடையது அல்லவா, பழைய ஊரைச் சுற்றியிருக்கும் கோட்டைச் சுவர் மேல் நடந்தோம். யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தில் 1408இல் முடித்த கிழக்குச் சாளரம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு சின்ன பப். குழாய்களில் ஒன்றில் 'இந்தியா பேல் ஏல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து இவருக்கு ஒரே பெருமை. கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு வந்து சேர்ந்த பீர் வகையின் பெயர் அது. பக்கத்து மேசைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். எண்பது வயது இருக்கும். மனைவி இறந்து மூன்று வருடம் ஆயிற்றாம். தினமும் ஐந்து மணிக்கு வந்து அரை பைன்ட் வாங்குவார், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். "வீட்டிலேயே குடிக்கலாம், செலவும் குறைவு. ஆனால் வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை" என்றார். லண்டனில் ஒரு பைன்ட் ஆறேழு பவுண்டு வரை போகிறது, அங்கே இப்படிப்பட்ட பப்புகள் வரிசையாக மூடிக்கொண்டு வருகின்றன. அவர் பப்புக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், அவர் ஐந்து மணிக்கு எங்கே போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் நானும் சைடர் என்ற ஆப்பிள் மதுவில் அரை பைன்ட் வாங்கினேன். மறைப்பானேன்? புளித்த ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருந்தது. கால்வாசிதான் உள்ளே போனது. மீதியை யார் முடித்தார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பிறகு எடின்பரோ. கோட்டையில் மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். ஞாயிறு தவிர, 1861 முதல் நடக்கும் வழக்கம். காது அடைத்துப்போய் இறங்கி வரும் வழியில், தெரு முனையில் டீக்கன் பிரோடி என்பவர் பெயரில் ஒரு பப். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த பிரோடி ஊரே மதித்த தச்சர், நகரசபை உறுப்பினர், தச்சர்கள் சங்கத்துக்குத் தலைவர். நம் தலைவர் தவறாக நினைக்கக் கூடாது. பகலில் பெரிய வீடுகளுக்கு வேலை செய்யப் போவார், அந்த வீட்டுச் சாவியை மெழுகில் பதித்துக்கொள்வார், ராத்திரி போய்த் திருடுவார். 1788இல் தூக்கில் போட்டார்கள். ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கில், ஹைட் கதைக்கு இவர் வாழ்க்கையும் ஒரு தூண்டுதல். பப்பின் பெயர்ப் பலகையில் ஒரு பக்கம் கனவான் பிரோடி, மறுபக்கம் திருடன் பிரோடி. நான் பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தேன். "எதுக்கு என்னைப் பார்க்கிற?" என்றார்.

அன்று சனிக்கிழமை. ராத்திரி பத்தரை மணிக்கு விடுதிக்கு நடந்து வந்தோம். அந்த ஊரின் மறுபக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். கூட்டம் கூட்டமாகத் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். நடைபாதையில் ஒரு பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண், தங்கையாக இருக்கலாம், அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளவுக் கோப்பையும் சட்டமும் இருக்கிற ஊரிலும் இது இருக்கிறது. எனக்குக் கால் நகரவில்லை.

1971இல் நம் மாநிலத்தில் மதுவிலக்கை நீக்கிக் கடைகளைத் திறந்தபோது எனக்கு எட்டு வயது. மாதச் சம்பள நாளில் அம்மா என்னைத்தான் அனுப்புவாள். "நீ போய்க் கூப்பிட்டா வருவார்." சாராயக் கடை வாசலில் நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவேன். வரும் வழியில் அவர் வாந்தி எடுத்தால் நெற்றியை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்தில் கடைகளை மூடினார்கள், அப்பா நிறுத்தவில்லை. எங்கோ கிடைத்தது. நான் பத்தாவது படிக்கும்போது போய்விட்டார்.

அப்பா சீக்கிரம் இறந்தது இவருக்குத் தெரியும். கடை வாசலில் நான் நின்றது தெரியாது. 36 வருடமாக நான் சொல்லவில்லை. அந்த நடைபாதையில் சொன்னேன். இவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நீ ஏன் டிவி சத்தத்தைக் கூட்டினேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். கதவைச் சாத்தியது அவர் மட்டும் இல்லை என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாக, ரயிலில் பிட்லாக்ரி போய் ஒரு விஸ்கி ஆலை பார்த்தோம். ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது ஸ்காட்லாந்திலேயே இருந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் பீப்பாயிலிருந்து சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகிறது. அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். கார் ஓட்டி வந்தவர்களுக்கு அங்கே ருசி பார்க்கக் கொடுக்காமல், குட்டிப் பாட்டிலில் ஊற்றிக் கையில் தந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளச் சொல்லி. குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பை ஸ்காட்லாந்து 2014இல் இங்கிலாந்தைவிடக் கடுமையாக்கிவிட்டது. நாங்கள் ரயிலில் போனதால் இவருக்குக் கிளாஸிலேயே கிடைத்தது. இவர் அதை முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தார். பக்கத்தில் நான் டீ குடித்தேன். அவ்வளவு நேரம் நாங்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்து எத்தனை வருடமாகிறது என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். "வழக்கம்போல ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். அதை வாங்கிச் சமையலறை அளவுக் கோப்பையில் கவிழ்த்தேன். 90 மில்லி! "ரெண்டே ரெண்டு" என்று இத்தனை வருடம் சொன்னது 180 மில்லி.

பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மில்லி அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வருவது யூனிட். ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது 2016 முதல் அங்கே அரசு மருத்துவ ஆலோசகர்கள் சொல்லும் வரம்பு. அதையும் ஒரே நாளில் குடிக்கக் கூடாது. நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம். 180 மில்லிக்குப் போட்டுப் பாருங்கள், ஏழரை யூனிட்டுக்கு மேல் வரும். சனிக்கிழமை, ஏழரை. பொருத்தம்தான். வாரம் மூன்று நாளுக்கு 23. இவர் கால்குலேட்டரை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த அளவு எவ்வளவு என்று நம் வீட்டில் யாரும் அளந்து பார்த்ததில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் எதையும் அளக்க முடியாது.

இப்போது வீட்டில் 30 மில்லி அளவுக் கோப்பை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மட்டும், இரண்டு தடவை, ஹாலில். சின்ன அறையில் இப்போது இஸ்திரி மேசை போட்டிருக்கிறோம். அடுத்த மாதம் இவருக்கு ரத்தப் பரிசோதனை. என்ன வரும் என்று தெரியாது, ஆனால் இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்கச் சொல்லி நான் பேச வரவில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. என் அப்பா மாதிரியானவர்களை அளவுக் கோப்பை காப்பாற்றாது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவர், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்கள், வெட்கப்படாமல் உதவி கேட்கிற குடும்பம். அன்றைக்கு என் அம்மாவுக்கு எட்டு வயதுப் பெண்ணைத் தவிர அனுப்ப யாரும் இல்லை. நம் நான்கு பிளாக்கில் எத்தனை வீட்டில் டிவி சத்தம் கூடுகிறதோ எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வீடு இருந்தால், பி பிளாக்கில் என் கதவைத் தட்டலாம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சங்கத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. இந்த ஹால் மாதத்தில் இருபத்தெட்டு நாள் பூட்டிக் கிடக்கிறது. தினமும் ஐந்திலிருந்து ஏழு வரை திறந்து வையுங்கள். பீர் வேண்டாம், நான்கு நாற்காலி, ஒரு கேரம் போர்டு, பிளாஸ்க்கில் காபி போதும். யார்க்கில் பார்த்த பெரியவர் மாதிரி நம்மிடையே நான்கைந்து பேராவது இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது ஏதாவது கேட்கட்டும்.

அங்கே பப் மூடும் நேரத்தில் மணி அடித்து, கடைசி ஆர்டர் கேட்பார்கள். செயலாளர் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் முடித்துக்கொள்கிறேன். மூன்றாவது வரிசைக்காரர் இப்போது தலையை நிமிர்த்திக்கொள்ளலாம்.