கட்சி மாறலாம், நம் ஓட்டைக் கொண்டுபோகலாமா?

(கேமரன் மலை தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் தமிழ்நாட்டுச் செய்தி ஓடாத நாள் கிடையாது. அதில் அடிபட்ட ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: கே.ஏ. செங்கோட்டையன்.

ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிப்பாளையம் பக்கத்து விவசாயி அவர். 1972இல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியபோதே அ.தி.மு.க.வில் சேர்ந்தார். 1977இல் சத்தியமங்கலத்தில் முதல் வெற்றி. பிறகு கோபியில் எட்டு முறை. ஆக மொத்தம் ஒன்பது முறை சட்டமன்ற உறுப்பினர். போக்குவரத்து, விவசாயம், பள்ளிக்கல்வி என்று பல துறைகளுக்கு அமைச்சர். 1996இல் தோற்றார். 2012இல் ஜெயலலிதா அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அப்போதும் கட்சியை விட்டுப் போகவில்லை.

2025இல்தான் முறிந்தது. பிரிந்து போனவர்களைச் சேர்க்க வேண்டும் என்று செப்டம்பர் 5ஆம் தேதி எடப்பாடி பழனிசாமிக்குப் பத்து நாள் கெடு விதித்தார். மறுநாளே அவருடைய கட்சிப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. அக்டோபர் 31ஆம் தேதி கட்சியிலிருந்தே நீக்கினார்கள். நவம்பர் 27ஆம் தேதி விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். 53 வருட உறவு அதோடு முடிந்தது.

அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். புதுக் கட்சியில் சேர்வதற்கு முதல் நாள், நவம்பர் 26ஆம் தேதி, அவர் தன் சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்தார்.

நல்ல மனசா? இருக்கலாம். ஆனால் சட்டமும் அங்கே வழியை அடைத்து வைத்திருக்கிறது. இந்தியாவில் 1985இலேயே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டது. அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஜி. விசுவநாதன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கட்சி நீக்கினாலும், நீ ஜெயித்த கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவாய், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

நம் நாட்டுக்கு வருவோம். கிளந்தான் மாநிலம் தாவலைத் தடுக்கச் சட்டம் போட்டது. சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று 1992இல் நம் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. விளைவைப் பார்த்தோம். 1994இல் சபாவில் ஜெயித்த பி.பி.எஸ். அரசு சில வாரங்களில் கவிழ்ந்தது. 2009இல் பக்கத்து பேராக்கில் மூன்று பேர் விலகினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு போயிற்று. இடைத்தேர்தல் இல்லை. அந்த ஆண்டு மே 7ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமாரை, நம் தமிழ்ப் பிள்ளையை, நாற்காலியோடு அவையிலிருந்து இழுத்துப் போனார்கள். மறந்துவிட்டோமா?

இந்த மலையிலும் அனுபவம் உண்டு. 2013இல் ஜி. பழனிவேல் ம.இ.கா. வேட்பாளராக 462 ஓட்டில் ஜெயித்தார். 2015இல் கட்சிப் பூசலில் அவர் உறுப்பியம் இழந்துவிட்டதாகச் சங்கப் பதிவகம் சொன்னது. அமைச்சர் பதவியும் போனது. 2018 வரை கட்சி இல்லாத எம்.பி.யாகவே இருந்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. அந்த மூன்று வருடம் உங்கள் லயத்து வீட்டுப் பிரச்சினையை எந்தக் கட்சிக் கதவில் தட்டுவது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

2022 அக்டோபர் 5 முதல் நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. கட்சியை விட்டு விலகும் எம்.பி. பதவியை இழப்பார். நல்லது. ஆனால் ஓட்டை இருக்கிறது. கட்சியே நீக்கினால் பதவி போகாது. நீக்கப்பட்டவர் பிறகு வேறு கட்சியில் சேர்ந்தால் என்ன என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் தடை இல்லை. அதாவது, செங்கோட்டையனுக்கு அங்கே அடைபட்ட கதவு இங்கே சரியாகச் சாத்தப்படவில்லை.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்கலாம். கொழுந்து பறிப்பவருக்கு வேலை முடிந்தால் வீடும் முடிகிறது. அந்த வீட்டுக்காகத்தான் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஓட்டுப் போடுகிறோம். 2018இல் இந்தத் தொகுதியில் வித்தியாசம் 597 ஓட்டு. இரண்டு மூன்று தோட்டங்கள் ஒன்றாக நின்றாலே முடிவு மாறும். அவ்வளவு கனமான ஓட்டை ஒரு பொட்டலம் அரிசிக்கும் ஒரு பொன்னாடைக்கும் கொடுக்கலாமா? அந்த வெற்றியையே ஓட்டுக்குப் பணம் கொடுத்த காரணத்தால் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரியில் மறுபடி ஓட்டுப் போட்டோம்.

எனவே அடுத்த முறை வேட்பாளர் யார் வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சொந்த வீடு பற்றி எழுதித் தருவாயா? கட்சி உன்னை நீக்கினால், பதவியை விட்டுவிட்டு மறுபடி எங்களிடம் வருவாயா? வருடத்துக்கு எத்தனை முறை தோட்டத்துக்கு வருவாய்? பதிலைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றத்தில் அது செல்லுபடியாகாமல் போகலாம். ஆனால் கோயில் திருவிழாவில் நாலு பேர் முன்னால் அதைப் படித்துக் காட்டலாம். அந்த வெட்கத்துக்குப் பயப்படாத அரசியல்வாதி கிடையாது.

கட்சி அவர்களுடையது. மாறிக்கொள்ளட்டும். ஓட்டு நம்முடையது. அதைக் கேட்டு வாங்கட்டும்.