நிழலும் ஒரு திருப்பணி

திருச்சிற்றம்பலம்.



காளையார்கோவில் என்று இன்று வழங்கும் இத்தலத்தின் பழம்பெயர் திருக்கானப்பேர். கான் என்பது காடு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய இவ்வூர், சங்க காலத்திலேயே அரணுடைய பேரூர். ஆழ்ந்த அகழியையும் உயர்ந்த மதிலையும் வெயில் புகாத காவற்காட்டையும் ஐயூர் மூலங்கிழார் புறநானூற்றின் 21ஆம் பாட்டில் காட்டுகிறார். 1801இல் அக்னியூ என்னும் தளபதியின் கீழ் வந்த கும்பினிப் படை, சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழி செய்ய ஏறத்தாழ ஒரு திங்கள் முயன்று, முடியாமல் மீண்டது. பின்னர் வேறு வழியாக வந்தே அக்டோபர் முதல் நாளில் இவ்வூரைக் கைப்பற்றிற்று. அத்தகைய காடு இன்று எங்கே? பெயரில் இருக்கிறது, ஊரில் இல்லை. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக் கருவேல் முள்ளே மண்டிக் கிடக்கிறது.

“சமயச் சொற்பொழிவு கேட்க வந்தோம், இவர் மரத்தையும் மண்ணையும் பேசுகிறாரே” என்று எண்ண வேண்டா. சைவ நாற்பாதங்களுள் முதலாவது சரியை. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் போல நந்தவனம் அமைத்தலும் சரியைத் தொண்டே. மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்தே வணங்குகிறோம். இங்கே தீர்த்தம் ஆனைமடு. தலமரம் கொக்கு மந்தாரை. நீரையும் மரத்தையும் நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் வணங்கச் சொன்ன பெரியோர் எவருமிலர்.

தேருக்கும் மரத்துக்கும் வழக்கு வந்தால் எது வெல்லும்? இச்சீமையில் வழங்கும் ஒரு செய்தியைக் கேளுங்கள். இக்கோயிலின் இராசகோபுரத்தை எழுப்பிய மருது பாண்டியர், சுவாமிக்குத் தேர் செய்யப் பெருமரம் தேடினார். திருப்பூவணத்தில், வைகைக் கரையில் நின்ற பழைய மருதமரம் தக்கதென்று கண்டனர். வெட்டச் சென்றவர்களை அவ்வூர்க் கோயிலில் பூசை புரிந்த ஒருவர் அரசர் மீதே ஆணையிட்டுத் தடுத்தார். அரசர் அழைத்துக் காரணம் கேட்டார். “வழிப்போக்கர்க்கும் நீராடி வருவோர்க்கும் நிழல் தரும் மரம் இது, மகாராசாவின் பெயரையும் தாங்கி நிற்கிறது. இது வெட்டுண்ண நான் எப்படிப் பொறுப்பேன்?” என்றார் அவர். அரசர் சினம் கொள்ளவில்லை, மரத்தை வாழவிட்டார். சுவாமி தேருக்காக மரம் கேட்டவர் அரசர். மரத்துக்காக வாதாடியவரோ சுவாமிக்குப் பூசை செய்பவர்! அடியார்க்கு நிழலாக நிற்பதும் ஆண்டவன் பணியே என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

ஊர் அமைக்கும் முறையைத் திருவாரூரில் காண்மின். கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பது உலக வழக்கு. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் மேற்பட்டது. கட்டடத்துக்கு ஒரு பங்கு. நீருக்கும் பூவுக்கும் இரண்டு பங்கு! இன்று தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக, பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்லுகின்றன. மூன்றில் இரண்டு ஈந்த முன்னோர் மரபில் வந்த நாம், பத்தில் ஒன்றுக்கு முகம் சுளிக்கலாமா? அந்த ஒரு பங்கு வரைபடத்தில் மட்டும் பசுமையாக இருந்தால் போதுமா?

ஒதுக்குவது ஒரு நாள் வேலை. காப்பது வாழ்நாள் வேலை. கமலாலயத்தின் சுற்றிடமெல்லாம் பிறரால் பற்றப்பட்டுக் குளம் குறுகியபோது அதைத் தோண்ட முற்பட்டவர் யார்? புறக்கண் இல்லாத தண்டியடிகள் நாயனார். குளத்தில் ஒரு கோலும் கரையில் ஒரு கோலும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். கண் இல்லாதவருக்குக் குளத்தின் குறை தெரிந்தது. கண்ணுடைய நாம் ஊருணியின் வரத்துக்கால் அடைபட்டதைக் கண்டும் காணாதார்போல் நடக்கிறோம்.

ஆதலின் அன்பர்களே, இத்திருவிழாவில் சில விண்ணப்பங்கள். வேம்பு, புன்னை, புங்கு, இலுப்பை, நாவல் என நம் மண்ணுக்குரியவற்றையே நடுங்கள். ஆலையும் அரசையும் மதிலருகே வைக்காதீர்கள். வேர் மதிலைப் பிளக்கும், பிறகு பழி மரத்தின் மேல் விழும். தேரோடும் வீதியில் தேரின் அகலம் அளந்து, அதற்கு அப்பால் குழி எடுங்கள். அடிமரம் வரை சிமெண்டுத் தளம் போடாதீர்கள். மரமும் நீர் குடிக்க வேண்டும். நட்ட கன்றுக்கு முதல் மூன்று கோடையேனும் நீர் வார்ப்பவர் இன்னார் என்று தெருவார் முறை வகுத்துக்கொள்ளுங்கள். மண்டகப்படிக்கு முறை வைக்கும் நமக்கு, மரத்துக்கு முறை வைப்பது அரிதன்று. ஊருணிக்கு மழைநீர் வரும் காலை ஐப்பசிக்கு முன்னரே தூர்வாருங்கள்.

இன்று நடும் கன்றின் நிழலில் நம்முள் பலர் இருக்கப்போவதில்லை. எனக்கும் அந்த நிழல் கிட்டாது. ஆயினும் நாம் அறியாத ஓர் அடியார், ஒரு பங்குனி வெயிலில் வடம் பிடித்துக் களைத்து வந்து அதன் கீழ் அமர்ந்து “சிவசிவ” என்பார். நட்ட கைக்கும் நீர் வார்த்த கைக்கும் அச்சொல் போய்ச் சேரும். கானப்பேர் மீண்டும் தன் பெயருக்குரிய ஊராகக் காளீசப் பெருமான் திருவருள் கூட்டுவிப்பதாக!

திருச்சிற்றம்பலம்.