வரிசையை விட்டு விலகாதீர்கள்

(திருகோணமலை வளாகப் பட்டதாரிகளுக்கான பட்டமளிப்பு விழா உரை)

  

பட்டம் பெறும் நாளில் மேடையில் நிற்பவர் கனவு, முயற்சி, வானம் என்று பேசுவது வழக்கம். இந்த மாவட்டத்தில் அரச வைத்தியராக வேலை செய்த நான் எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். உங்களில் பலர் சீக்கிரமே வேலையில் சேருவீர்கள். தனியார் கம்பனி என்றால் நியமனக் கடிதத்தோடு ஒரு மருத்துவக் காப்புறுதி அட்டையும் கிடைக்கும். அரச வேலை என்றால் ‘அக்ரஹார’ காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அது கைக்கு வந்ததும் மனதில் ஓர் எண்ணம் எழும்: “இனி அரசாங்க ஆஸ்பத்திரி எனக்கெதற்கு?” அந்த எண்ணத்தோடுதான் இன்றைக்கு என் வழக்கு.

இந்தப் பட்டத்துக்காக நீங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்தல் கட்டணம் கட்டவில்லை. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அதற்குக் காரணம். அதே தலைமுறை எடுத்த இன்னொரு முடிவால் உங்களில் பெரும்பாலோர் காசு கொடுக்காமலே பிறந்தீர்கள். 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

அந்த முடிவு யாருடைய தயவாலும் வரவில்லை. 1931 இல் இந்த நாட்டில் ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து மலேரியா கொள்ளைநோயாக வந்தது. 1934–35 இல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். மக்கள்தொகை ஏறக்குறைய ஐம்பத்தைந்து இலட்சமாக இருந்த காலம் அது. அதற்கு முன்னும் கொள்ளைநோய்கள் வந்ததுண்டு. இந்த முறை செத்தவர்களின் வீட்டில் வாக்கு இருந்தது. அரசாங்க சபைக்குப் போனவர்கள் அந்த வீடுகளுக்குத் திரும்பி வந்து முகம் காட்ட வேண்டியிருந்தது. கிராமங்களில் ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் எழுந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. இலவச மருத்துவத்தைத் தர்மம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் வாக்கு, பிறகுதான் ஆஸ்பத்திரி.

1940களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்து ஐநூறுக்கு மேற்பட்ட தாய்மார் பிரசவத்தோடு இறந்தார்கள். இன்று அந்த எண் முப்பதைச் சுற்றி நிற்கிறது. பெரிய இயந்திரங்களால் வந்த மாற்றமல்ல இது. வீடு வீடாகப் போன குடும்பநல மாது, பக்கத்தில் ஒரு பிரசவ விடுதி, வாசலில் யாரும் காசு கேட்காதது ஆகியவற்றால் வந்தது.

வாசலில் கேட்கும் காசு எவ்வளவு சிறியதானாலும் என்ன செய்யும் என்பதையும் இந்த நாடு சோதித்துப் பார்த்திருக்கிறது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வந்தோர் தொகை சட்டென்று குறைந்தது. 1977 இல் அதைக் கைவிட்டார்கள். 25 சதத்துக்கே திரும்பிப் போனவர்கள் யார் என்று யோசியுங்கள். நோயில்லாமல் சும்மா வந்தவர்கள் மட்டுமா போயிருப்பார்கள்? அன்றைய கூலியை எண்ணிப் பார்த்த தாயும் காய்ச்சல்காரப் பிள்ளையோடு போயிருப்பாள்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். துறைமுகத்து ஊரில் காப்புறுதியைக் குறை சொல்ல முடியாது. கோதுமையோ எண்ணெயோ ஏற்றி உள்துறைக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் காப்புறுதியோடுதான் கடல் கடக்கிறது. எந்தக் கப்பல் மூழ்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட, அடிபட்டவருக்கு அது போய்ச் சேருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மனித உடல் கப்பலல்ல. நீரிழிவு உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு இனி என்ன வரும் என்பது கம்பனிக்கு ஏறக்குறையத் தெரியும். ஆகவே கம்பனி கட்டுப்பணத்தைக் கூட்டும், அல்லது முன்பிருந்தே உள்ள நோய் என்று விலக்கும், அல்லது வயதெல்லை போடும். கட்டுப்பணம் ஏற ஏற, உடல்நலமுள்ளவர்கள் “எனக்கெதற்கு” என்று விலகுவார்கள். மிஞ்சுவது நோயாளிகள். கட்டுப்பணம் இன்னும் ஏறும். அறுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை ஜோர்ஜ் அக்கர்லோவ் என்ற பொருளியலாளர் 1970 இலேயே இவ்விதம் விளக்கினார். பிறகு நோபல் பரிசும் பெற்றார். வணிகம் படித்த பட்டதாரிகளுக்கு இது புதிதாக இராது. கம்பனிக்காரர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. தன் தொழிலை ஒழுங்காகச் செய்தால் இப்படித்தான் நடக்கும்.

நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பதவிஸ்ரீபுரம் இருக்கிறது. வடமத்திய மாகாணத்தை அண்டிய அந்த வயற்காட்டு ஊர்களில், காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோய் பல குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. நாற்பது, ஐம்பது வயது விவசாயி, இரத்தச் சுத்திகரிப்பு, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, உயிர் இருக்கும்வரை. எந்தக் கம்பனி அவரை வாடிக்கையாளராகச் சேர்க்கும்? அவருக்குச் சம்பளச் சிட்டை கிடையாது. திருக்கடலூரில் வலை இழுப்பவருக்கும் கிடையாது, மூதூரில் செங்கல் அறுப்பவருக்கும் கிடையாது.

அவர்களுக்கு எப்படியோ ஓர் அட்டை கிடைத்தது என்றே வைப்போம். அட்டையை எங்கே கொண்டுபோய் நீட்டுவது? தனியார் வைத்தியசாலை நோயாளி இருக்கும் இடத்தைத் தேடி வருவதில்லை. பணம் கொடுக்கக்கூடிய நோயாளி கூட்டமாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. அதனால்தான் பெரியவை கொழும்பைச் சுற்றி நிற்கின்றன. வெருகல் ஆற்றங்கரையில், ஈச்சிலம்பற்றில், புல்மோட்டையில் கட்டில் போட்டுக் காத்திருப்பது அரசாங்கம் மட்டும். கிண்ணியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009 இல் பாலம் திறக்கும்வரை நகரத்துக்கு வர மிதவைப் பாதைதான். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து அங்கிருந்த வைத்தியசாலையை அழித்தது. இலாபக் கணக்குப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி ஒரு வைத்தியசாலை எழுந்திருக்காது. பொதுப்பணமும் உதவிப்பணமும் சேர்ந்துதான் இன்றைய ஆதார வைத்தியசாலை நிற்கிறது.

அதே கிண்ணியா 2017 இல் இன்னொரு பாடம் தந்தது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் கிண்ணியாவில் பாடசாலைகளையே மூட வேண்டி வந்தது, வைத்தியசாலையில் இடம் போதவில்லை. காப்புறுதி எடுத்தவர் வீட்டு நுளம்பு, எடுக்காதவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் பிறக்கிறது. புகையடிக்கவும் தொட்டியைக் கவிழ்க்கவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் வரவேண்டும். எந்த அட்டையும் அதற்குப் பணம் கட்டாது. அட்டை விழித்துக்கொள்வது காய்ச்சல் வந்து வார்ட்டில் படுத்த பிறகு.

மலேரியாவின் கதை இன்னும் தெளிவானது. 1963 இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். வென்றுவிட்டோம் என்று செலவைக் குறைத்தார்கள், கண்காணிப்பு தளர்ந்தது. 1968–69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, போர்க்காலத்திலும் வடக்கு கிழக்கில் அந்த வேலையை நிறுத்தாமல், 2012 ஒக்டோபரில் கடைசி உள்நாட்டு நோயாளியைக் கண்டு, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். இந்தத் தலைமுறைக்கு மலேரியா பாடப்புத்தகத்துச் சொல். அந்த நிலைமை தானாக நிலைக்காது.

இப்போது உங்கள் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். “சேர், போய்ப் பார்த்தீர்களா? விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்துப் பத்து மணிக்குப் பார்க்கிறார்கள். மருந்துக்குப் போனால் துண்டு எழுதி ‘வெளியில வாங்குங்கோ’ என்கிறார்கள். ஸ்கானுக்கு மாதக்கணக்கில் திகதி. அதே ஸ்பெஷலிஸ்டைப் பின்னேரம் தனியார் இடத்தில் காசு கட்டிச் சனல் பண்ணினால் அன்றைக்கே பார்க்கலாம்.” இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லாமல் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஏராளமான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். தரமற்ற மருந்து வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 இல் கைதானார். இந்த நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் பாதிக்கு அருகில் மக்களின் சொந்தப் பையிலிருந்துதான் போகிறது. இலவசம் என்ற சொல்லுக்கு அது பெரிய அவமானம்.

ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் எதற்குப் போகிறது? வெளி மருந்துக்கு, பரிசோதனைக்கு, சனலிங்குக்கு. வார்ட்டில் படுக்கும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்றும் அரச கட்டிலில்தான். காப்புறுதியோ பெரும்பாலும் படுத்தால்தான் பணம் தரும். இந்தியாவில் 2018 இல் ஏழைகளுக்காக அரசே கட்டுப்பணம் கட்டும் ஆயுஷ்மான் பாரத் வந்தது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து இலட்சம் ரூபா வரை. நல்ல நோக்கம், பலருக்கு அது உயிரும் தந்திருக்கிறது. ஆயினும் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தினமும் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது. நம் ஓட்டை இருக்கும் இடம் வேறு, காப்புறுதி அடைக்க வரும் இடம் வேறு.

எல்லாவற்றையும் காப்புறுதியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில், 1942 இல், அங்கே சம்பளத்தை உயர்த்தத் தடை வந்தது. ஆள் பிடிப்பதற்காக முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்புறுதியைக் கொடுத்தார்கள். போர் முடிந்தது, ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. வேலை போனால் அட்டையும் போகும். தேசிய வருமானத்தில் ஆறில் ஒரு பங்களவு மருத்துவத்துக்குச் செலவிடும் அந்த நாட்டில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோருக்குக் காப்புறுதியே இல்லை. அதே போரிலிருந்து வெளியே வந்த பிரித்தானியா 1948 ஜூலை 5 இல் எல்லாருக்குமான தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. தாய்லாந்து 2000களின் தொடக்கத்தில் முப்பது பாத் திட்டத்தோடு அந்தப் பக்கம் வந்தது. வருமானத்தில் ஏறக்குறைய நான்கு வீதத்தையே மருத்துவத்துக்குச் செலவிடும் நம் நாட்டின் ஆயுட்காலம் அமெரிக்காவுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆயுளைத் தீர்மானிப்பது மருத்துவம் மட்டுமல்ல என்பது உண்மைதான். ஆனாலும் பணம் போதாததால்தான் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால் இந்த இரு நாடுகளின் செலவையும் ஆயுளையும் அவர் முன் வையுங்கள்.

சித்த மருத்துவப் பட்டதாரிகளுக்குத் தெரியும், திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். இந்த நான்குக்கும் இடையே ஐந்தாவதாக ஒருவர் உட்கார்ந்து “இது கட்டும், இது கட்டாது” என்று முத்திரை குத்தும் ஏற்பாடு வள்ளுவருக்குத் தோன்றவில்லை.

இலவச மருத்துவத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க இந்த நாட்டில் எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. அது வேறு விதமாகச் சாகும். படித்தவர், சம்பளக்காரர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர், எம்.பி.யின் தொலைபேசி எண் தெரிந்தவர் ஒவ்வொருவராக வரிசையை விட்டு விலகுவார்கள். மிச்சமிருப்பவர்களின் முறைப்பாட்டுக்குக் குரல் இராது. மருந்து இல்லையென்றால் கேட்க ஆளில்லை, ஸ்கான் இயந்திரம் பழுதானால் எழுத ஆளில்லை. ஏழைகளுக்கு மட்டுமான ஆஸ்பத்திரி சீக்கிரமே ஏழை ஆஸ்பத்திரி ஆகிவிடும். அதன்பின் ஒருநாள், உங்கள் அட்டையின் எல்லை முடிந்த பிறகு, உங்களுக்கும் அது தேவைப்படும். பெரிய விபத்தும் நீண்ட புற்றுநோயும் கடைசியில் அரச வார்ட்டுக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியங்கள்தான். உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசியை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே போடுங்கள். அம்மாவின் நீரிழிவுக் கிளினிக் கொப்பியை மூடி வைக்காதீர்கள், கூடவே போங்கள், வரிசையில் நில்லுங்கள், நின்று பாருங்கள். ஊர் வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவில் சேருங்கள். கணினி படித்தவர்கள், விடிய ஐந்து மணிக்கு நிற்கும் அந்த வரிசையை எப்படிச் சுருக்குவது என்று அங்கே போய்க் கேளுங்கள். தொடர்பாடல் படித்தவர்களுக்கு 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று விண்ணப்பம் போட்டுப் பதிலை வெளியிடுங்கள். வணிகம் படித்தவர்கள் வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு ஒதுக்கியதும் உண்மையில் செலவானதும் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். சித்த வைத்தியர்கள் கப்பல்துறையிலோ வேறெங்கோ அரச வைத்தியசாலையில் அமரும்போது, உங்கள் முன் வருபவரிடம் தொழிலையும் வருமானத்தையும் கேட்பதற்கு முன் நோயைக் கேளுங்கள்.

தொண்ணூறு வருடங்களுக்கு முன் வாக்குரிமை கையில் இருந்ததால் ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கியவர்களில் பலர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். நீங்கள் பட்டதாரிகள். அவர்கள் வாங்கித் தந்ததைக் காப்பாற்றிக் கொடுப்பது உங்களுக்கு அவ்வளவு கடினமாக இருக்கக்கூடாது.