வகை பிரிக்கும் மனமும் கணினி மாதிரிகளும்: தலைமை உரை



மனம் பொருள்களை வகை பிரிக்கக் கற்கும் முறையைக் கணினி மாதிரிகளால் ஆராயும் இக்கருத்தரங்கைத் திருப்பூரில் கூட்டியது மிகப் பொருத்தம். பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசை முன் நிற்பவர்களுக்கு நாள் முழுக்க இதுதான் வேலை. கைக்கு வரும் பீஸ் ஓகேயா, திருத்த வேண்டிய ஆல்டரா, ஒதுக்க வேண்டிய ரிஜெக்டா என்று சில நொடிகளில் முடிவாகிவிடுகிறது.

வகை பிரிக்கக் கற்பது பற்றி 1961-இல் உளவியலாளர்கள் ஷெப்பர்டு, ஹாவ்லண்ட், ஜென்கின்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வை நம் ஊர்ச் சரக்கைக்கொண்டே விளக்கலாம். கறுப்பு அல்லது சிவப்பு, ரவுண்ட் நெக் அல்லது காலர், அரைக்கை அல்லது முழுக்கை: ஆக மொத்தம் எட்டு டி-சர்ட்டுகள். இவற்றை நான்கு நான்காகப் பிரிக்கும் விதிகளை அமைப்பு நோக்கித் தொகுத்தால் ஆறு வகைக்குள் அடங்கும். நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பது எளிது. கறுப்புக் காலரும் சிவப்பு ரவுண்ட் நெக்கும் ஒரு பக்கம் என்றால் சற்றுக் கடினம். ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய விதியே மிகக் கடினம். பின்னால் வந்த மாதிரிகளுக்கெல்லாம் இந்த வரிசை உரைகல் ஆனது.

1970-களில் எலினார் ராஷ், ஒவ்வொரு வகைக்கும் மனத்தில் ஒரு மையம் உண்டு என்றார். 1978-இல் மெடினும் ஷாஃபரும், மனம் பார்த்த பொருள்களையே நினைவில் வைத்து ஒப்பிடுகிறது என்றனர். 1986-இல் நொசோஃப்ஸ்கி, எந்தப் பண்புக்கு எவ்வளவு கவனம் என்ற எடையையும் கணக்கில் சேர்த்தார். செக்கிங் வேலைக்கு இந்த எடை முக்கியம். பிளெயின் துணியில் ஷேடும் (நிற வேறுபாடு) நீடில் லைனும் (ஊசிக் கோடு) முன்னுக்கு நிற்கும். குழந்தை உடுப்பில் பட்டன் உறுதியாக இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

ஆனால் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு தெரிந்துவிடும். கம்பெனியில் அப்படியில்லை. குறையோடு தப்பிப்போன பீஸுக்குப் புகார் வரும், அதுவும் தாமதமாக. நல்ல பீஸை ஒதுக்கியது பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே போகும். குறையுள்ள பீஸ் அரிதாக வருவது இன்னொரு சிக்கல். 2005-இல் ஜெரமி வுல்ஃப் குழுவினர் நடத்திய தேடல் சோதனையில், தேடும் பொருள் பாதி முறை இருந்தபோது ஏறத்தாழ 7 விழுக்காடு கண்ணுக்குத் தப்பியது. நூற்றில் ஒருமுறை மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு தப்பியது. ஆகவே செக்கரின் தவறு முழுவதையும் அசட்டை என்று சொல்வது அறிவியலாகாது.

அரைகுறையாகவும் ஒருதலையாகவும் கிடைக்கும் தகவலிலிருந்து மனம் எப்படிக் கற்கிறது என்று சொல்லும் மாதிரிகளே இனி நமக்குத் தேவை. ஆய்வாளர்கள் செக்கிங் மேசைக்கு வர வேண்டும். உரிமையாளர்கள் அங்கு எடுக்கப்படும் முடிவுகளைப் பெயர் குறிக்காமல் பதிவுசெய்ய இசைய வேண்டும். அந்தப் பதிவை வைத்து யாருடைய கூலியிலும் கைவைக்க மாட்டோம் என்ற உறுதியையும் அவர்கள் முதலில் தர வேண்டும். அந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.